பாலம் வீங்கிய மத்தியானம்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று இல்லாமல் போயிருக்காது. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்த அக்காவோ 'தம்பி' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மற்ற எல்லோருக்கும் அவர் சாவிக்காரர். கால்வாயின் மேல் கிடந்த ரயில் பாலத்தைத் திருப்புவது அவர் வேலை. அதற்கு ஒரு சாவி உண்டு. சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் உயர இரும்புத் தடி, தலையில் குறுக்காக ஒரு கைப்பிடி. பாலத்தின் நடுவில் இருக்கிற குழியில் அதைச் சொருகி, கைப்பிடியை நெஞ்சால் தள்ளிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். நடக்க நடக்கப் பாலம் முனகிக்கொண்டே திரும்பி, கால்வாய் ஓடுகிற திசையிலேயே நீளவாக்கில் நின்றுகொள்ளும். இரண்டு பக்கமும் படகுக்கு வழி கிடைக்கும். படகு போனதும் எதிர்த் திசையில் அதே நடை.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருந்தது. பாலம் சுற்றுவது கால்வாயின் நட்ட நடுவில் கட்டிய கல் மேடையின் மேல். அதைச் சுற்றுகிறவரும் அங்கேதான் நின்றாக வேண்டும். பாலம் திறந்துவிட்டால் மனிதர் அந்தரத்தில். இந்தக் கரைக்கும் போக முடியாது, அந்தக் கரைக்கும் போக முடியாது. திரும்ப மூடினால்தான் அவருக்குக் கால் தரையில் படும். வாழ்நாள் பூராவும் தண்ணீர் நடுவே நின்ற அந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட்டால், "தண்ணிக்கு மேல இருக்கத்தானே சம்பளம் தர்றாங்க" என்பார்.

அந்தப் பகுதியில் முதலில் வந்தது கால்வாய். துறைமுகத்திலிருந்து நகரத்துக்குச் சரக்கு கொண்டுவர யாரோ ஒரு மகராசன் வெட்டச் சொன்னான், யார் யாரோ வெட்டினார்கள். வெட்டி முடித்ததும் கூலியை வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேராமல் கரையிலேயே குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்படி உண்டான இடம் அது. பிறகு கிடங்குகள் எழும்பின. மரம், தானியம், உப்பு, கயிறு, எண்ணெய்ப் பீப்பாய் என்று படகில் வராத பொருளே கிடையாது. இதைப் பார்த்து ரயில்காரனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. எதிர்க்கரையில் தண்டவாளம் போட்டான், பட்டறை கட்டினான், வரிசை வரிசையாகக் குடியிருப்பும் கட்டினான். அதோடு விட்டானா? கிடங்கு வாசல் வரைக்கும் தன் வண்டி போகவேண்டும் என்று கால்வாயின் குறுக்கே பாலம் போடக் கிளம்பினான். கால்வாய் இலாகா விடுமா? எங்கள் தண்ணீர்தான் மூத்தது, படகு வந்தால் உன் பாலம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது. கோர்ட் கச்சேரி எல்லாம் நடந்து, கடைசியில் திருப்புகிற பாலமாகக் கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. படகு ஊதினால் ரயில் நிற்க வேண்டும். அந்த விதியை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

பாலத்தின் இரும்பு ரயில் இலாகாவுக்குச் சொந்தம், அடியில் இருந்த கல் கால்வாய் இலாகாவுக்குச் சொந்தம். நடுவில் சுற்றி நடக்கிற ஆள் யாருக்குச் சொந்தம் என்பதில் இரண்டு பேருக்கும் தகராறு. சம்பளம் ஓர் இடத்தில், திட்டு இரண்டு இடத்திலும். அவர் உட்காருகிற தகரக் கொட்டகை ஒழுகியபோது, கூரை ரயிலைச் சேர்ந்ததா கால்வாயைச் சேர்ந்ததா என்று பேசி முடிப்பதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. கொட்டகையில் ஒரு தொலைபேசியும் வைத்திருந்தார்கள். அதன் கம்பி பாலத்தின் மேலேயே போனதால், பாலம் திறந்ததும் இணைப்பு அறுந்துவிடும். அதாவது உதவி தேவைப்படுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஜோராக வேலை செய்கிற தொலைபேசி.

கிடங்குக் கரை, ரயில் கரை என்று ஜனங்கள் இரண்டு கரைக்கும் பெயர் வைத்திருந்தார்கள். தண்டவாளத்தை ஒட்டிப் பாலத்தில் ஒரு நடைபாதை உண்டு. வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிறவர், பெண் பார்க்கப் போகிறவர் எல்லோருக்கும் அதுதான் வழி. அதை விட்டால் நகரத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாற வேண்டும். பாலம் திறந்திருக்கும்போது இரண்டு கரையிலும் ஆட்கள் கூடி நின்று எதிரும் புதிருமாகக் கத்திப் பேசிக்கொள்வார்கள். பாதிக் கல்யாணம் அப்படித்தான் பேசி முடிந்தது, பாதிச் சண்டையும் அப்படித்தான் ஆரம்பித்தது.

வெயில் காலத்தில் பாலம் வீங்கும். இது வேடிக்கைப் பேச்சில்லை. வெயிலில் இரும்பு நீளும். அத்தனை பெரிய இரும்பு கொஞ்சம் நீண்டாலும் கரையோரச் சுவருக்குள் பொருந்தாது. சாவிக்காரருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த ஒருவர், அதெல்லாம் போகும் என்று நம்பித் தள்ளினார். பாலம் கோணலாகச் சுவரைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. படகும் போகவில்லை, ரயிலும் போகவில்லை. பெட்டியில் இருந்த தானியம் முளைவிட்டது. அதற்குப் பிறகு பாலத்தின் நீளத்துக்கே நீண்டு கிடந்த கல் மேடையின் ஓரத்தில் ஒரு கோடு வெட்டி வைத்தார்கள். திறந்து நிற்கிற பாலத்தின் நுனி அந்தக் கோட்டைத் தாண்டி இருந்தால், சாவியில் கை வைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, நுனி கோட்டுக்குள் வந்த பிறகுதான் மூட வேண்டும்.

அந்தக் காலத்தில் பாலம் வீங்கினால் கரைக்குக் கொண்டாட்டம். படகுக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கோணி தைக்கிற பெண்கள் என்று ஆளுக்கொரு வாளியோடு சின்னப் படகுகளில் ஏறி வந்து மேடையைச் சூழ்ந்துகொள்வார்கள். பாலத்தின் மேல் ஊற்றியது பாதி, ஒருத்தர் மேல் ஒருத்தர் ஊற்றிக்கொண்டது பாதி. ஒரு மணி நேரத்தில் இரும்பு அடங்கிவிடும். பிறகு லாரி வந்தது. கிடங்குகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. சின்னப் படகுகள் விறகுக்குப் போயின. பாதுகாப்பு என்று சொல்லி நகராட்சி இரண்டு கரையிலும் ஆள் உயரக் கம்பி வேலி போட்டது. ஜல்லி ஏற்றிய இரும்புப் படகு மட்டும் எப்போதாவது ஊதிக்கொண்டு வரும். பாலம் அப்போதும் வீங்கத்தான் செய்தது. தண்ணீர் ஊற்ற ஆள்தான் இல்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா இவரைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்பா படகேறிப் போனவர், திரும்பி வர மறந்துவிட்டார். அக்காவே அப்போது சின்னப் பெண். கிடங்கில் கோணி தைக்கப் போனாள். கோணி அடுக்கின் மேல் தம்பியைக் கிடத்தி, உருண்டு விழாமல் இரண்டு பக்கமும் மூட்டையை அணைவாக வைத்துவிட்டுத் தைப்பாள். அவன் வளர்ந்து தலையெடுக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுக்க விடவில்லை. பாலத்து மேற்பார்வையாளரைத் தினமும் வழிமறித்து, "என் தம்பிக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க" என்று நச்சரித்தாள். அவள் தொல்லை தாங்காமல்தான் அந்த மனிதர் சாவியை இவர் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அவள் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவரைக் கட்டிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனாள்.

தங்கமான மனிதர் என்று சாவிக்காரரைச் சொல்லலாம். ஆனால் தைரியசாலி என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். யாராவது குரலை உயர்த்தினால் அந்த இடத்தை விட்டு நழுவிவிடுவார். பஞ்சாயத்து, ஆஸ்பத்திரி, சாவு வீடு இதெல்லாம் ஆகவே ஆகாது. ஒரு கோடையில், மைத்துனன் வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சுக்கு இவரையும் வரச்சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்துப் பாலம் நிஜமாகவே வீங்கிக்கொண்டது. அங்கே ரகளையாகி இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. நடுத்தண்ணீரில் நிம்மதியாக உட்கார்ந்திருந்த சாவிக்காரருக்கு அன்று ஞானம் பிறந்தது.

அதற்குப் பிறகு வேண்டாத இடத்துக்குக் கூப்பாடு வந்தபோதெல்லாம் பாலம் வீங்கியது. எதிர்க்கரையில் ஆள் வந்து நின்றால் கையை விரித்து, "பாலம் வீங்கிடுச்சு, என்ன செய்ய" என்பார். கரையிலிருந்து பார்க்கிறவனுக்குப் பாலம் திறந்து நிற்பது தெரியுமே தவிர, நுனி கோட்டைத் தாண்டி இருக்கிறதா இல்லையா என்பது எப்படித் தெரியும்? மழை கொட்டுகிற மாதத்தில்கூட ஒருமுறை வீங்கியது. ஜனங்கள் முட்டாள்கள் இல்லை. கொஞ்ச நாளில் அது இரண்டு கரையிலும் பேச்சு வழக்காகிவிட்டது. வேலைக்கு மட்டம் போட்டவனை, "என்னப்பா, பாலம் வீங்கிடுச்சா?" என்று கேட்பார்கள்.

அவர் மனைவிக்கு இது அறவே பிடிக்காது. அவள் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். யாராவது விசாரித்தால், "பாலமும் வீங்கலை, ஒண்ணும் வீங்கலை. அவருக்கு வர இஷ்டமில்லை" என்று போட்டு உடைத்துவிடுவாள். நாத்தனாருக்கும் அவளுக்கும் இருந்த ஒரே மனத்தாங்கல் இதுதான். "ஏன்டி, வீட்டுக்காரனை நாலு பேர் முன்னாடி விட்டுக்குடுக்கலாமா? அவனுக்காக ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிடுமா?" என்று அக்கா கேட்பாள். "எனக்கு வராது அண்ணி. நீங்க சொல்லிச் சொல்லித்தான் இப்படி வளத்து வெச்சிருக்கீங்க" என்பாள் இவள். பேச்சு அங்கேயே நின்றுபோகும். இருவரும் டீயைக் குடித்துவிட்டு வேறு கதைக்குப் போவார்கள்.

அத்தான் செத்த அன்றைக்கும் பாலம் வீங்கியது. இதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு, சாயங்காலமாக அக்கா வீட்டு வாசலில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வெயில்ல வந்தியா? உள்ள வா" என்றாள். நியாயமாக அவள் செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும்.

வருஷங்கள் ஓடி, அக்காவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சாவிக்காரர் இரண்டு மூன்று தடவை போனார். அறை வாசலில் நின்று, "சாப்பிட்டியா அக்கா?" என்று கேட்பார், பதில் வருவதற்குள் வெளியே வந்துவிடுவார். கடைசியாகப் போன அன்று அக்கா அவரை விரலால் கூப்பிட்டாள். கிட்டே போனார்.

"ஒரு நாள் வந்து பக்கத்துல உக்காரு தம்பி. பேசணும்னுகூட இல்ல. சும்மா உக்காந்தா போதும்."

"வரேன்க்கா. வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவு சொல்லிட்டு வரேன். சத்தியமா வரேன்."

"பாத்தியா, நான் கேக்காமயே சத்தியம் பண்றான்" என்று அக்கா மகனைப் பார்த்துச் சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. அவனும் ரயில் பட்டறைக்காரன்தான். தகப்பன் செத்த அன்று தாய்மாமன் வராததை அவன் மறந்தவன் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சாவிக்காரர் முகச்சவரம் செய்துகொண்டார். மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "இன்னைக்காவது போயிடுவீங்களா?" என்று கேட்டாள். "போகாம?" என்றார். அவர் மனசார முடிவு செய்திருந்தார். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அக்கா கேட்டது உட்காரத்தானே, அதைக்கூடச் செய்யாவிட்டால் தான் என்ன மனிதன் என்று இரண்டு நாளாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானம் ஜல்லிப் படகு ஒன்றுக்கு வழிவிட வேண்டும், பிறகு ஒரு சரக்கு ரயில். அதோடு பாலத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம்.

அன்றைய வெயில் அப்படி ஒரு வெயில். கைப்பிடியைத் துணி சுற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது. படகு ஊதியது. அவர் பாலத்தைத் திருப்பினார். படகு ஆடி அசைந்து வந்து, உரசுகிற மாதிரி கடந்து போயிற்று. படகோட்டி கையை ஆட்டினான், இவரும் ஆட்டினார். வழக்கம்போல மேடையின் ஓரத்துக்கு நடந்துபோய்க் குனிந்து பார்த்தார். பாலத்தின் நுனி கோட்டை மறைத்துக்கொண்டு நின்றது. கோடு கண்ணுக்கே தெரியவில்லை. விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். இரண்டு விரல் கனம் தாண்டியிருந்தது.

அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அக்காவிடம் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது.

வாளியில் கயிற்றைக் கட்டிக் கால்வாயில் இறக்கினார். இழுத்தார், ஊற்றினார். இரும்பு சுர்ரென்றது, நின்ற இடத்திலேயே ஆவியாகிவிட்டது. மறுபடி இறக்கினார். முன்பெல்லாம் ஐம்பது பேர் செய்த வேலை. சரக்கு ரயில் வந்து ரயில் கரையில் நின்றது. எஞ்சின் டிரைவர் இறங்கி வேலியருகே வந்து பீடி பற்றவைத்துக்கொண்டான்.

"என்னண்ணே, இன்னைக்கு யார் வீட்டுப் பஞ்சாயத்து?" என்று கத்தினான்.

"நிஜமாவே வீங்கிடுச்சுப்பா."

"சரி சரி. எனக்கென்ன, நான் தூங்கறேன்" என்று அவன் எஞ்சின் நிழலில் போய்ப் படுத்துவிட்டான்.

அவன் படுத்த கொஞ்ச நேரத்தில் அக்கா மகன் ஓடி வந்தான். வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"மாமா, அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. உங்களைக் கேக்கறாங்க. உடனே வாங்க."

சாவிக்காரர் வாளியோடு நிமிர்ந்தார். வாயில் வந்தது ஒரே ஒரு பதில்தான். அதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்தது, வேறு எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

"பாலம் வீங்கிடுச்சுடா" என்றார்.

மகன் அவரையே பார்த்தான். எஞ்சின் நிழலிலிருந்து டிரைவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"இன்னைக்குமா மாமா?"

"டேய், சத்தியமா. கோட்டைத் தாண்டி நிக்குதுடா. ஊத்திக்கிட்டிருக்கேன். அக்காகிட்ட சொல்லு, இப்ப வந்துடறேன்னு சொல்லு."

"சொல்றேன்" என்றான். அந்த ஒற்றைச் சொல்லில் இருந்த கசப்பு தண்ணீரைக் கடந்து வந்து அவர் முகத்தில் அடித்தது. அவன் திரும்பி நடந்தான். வந்தபோது ஓடி வந்தவன், போகும்போது ஓடவில்லை.

அதற்குப் பிறகு அந்த மனிதர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. இறக்கினார், இழுத்தார், ஊற்றினார். ஒரு நுனியில் ஊற்றிவிட்டு மறு நுனிக்கு ஓடினார். இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி, நனைத்து, இரும்பின் மேல் விரித்தார். தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். அது செத்துத்தான் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் எடுத்தார். தண்ணீரை எட்டிப் பார்த்தார். இறங்கினால் மூழ்கிச் சாகலாம், அதைத் தவிர ஒன்றும் நடக்காது. கோட்டில் விரலை வைத்துப் பார்த்தார். அரை விரல் குறைந்திருந்தது. சாவியைச் சொருகித் தள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தார். பாலம் சுவரைக் கடித்துக்கொண்டால் நாளைக்கும் போக முடியாது. கையை எடுத்துவிட்டார்.

கிடங்குக் கரையில் மனைவி வந்து நின்றாள். எதிர்க்கரைச் சேதி யார் மூலமோ காதுக்கு வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள்.

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா? அண்ணி இழுத்துக்கிட்டுக் கிடக்கறாங்க. இன்னைக்கும் இந்த வேஷமா?"

அவர் வாளியை இழுத்துக்கொண்டிருந்தார். கயிறு அறுத்து உள்ளங்கை தோலுரிந்திருந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் பொய் சொல்லும்போது எப்படி நிற்பார் என்று பார்த்துப் பழகியவள். பொய் சொல்கிற அன்று கொட்டகை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். வெயிலில் சட்டையில்லாமல் இப்படி ஓடமாட்டார்.

"ஏங்க," அவள் குரல் இறங்கிவிட்டது. "நிஜந்தானா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அழுதுகொண்டிருந்தார் என்பது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது.

அவள் வேலியைப் பிடித்து உலுக்கினாள். நகராட்சி வேறெதையும் உருப்படியாகச் செய்ததில்லை, அந்த வேலியை மட்டும் கெட்டியாகப் போட்டிருந்தது. ஒரு வாளித் தண்ணீரைக்கூட அங்கிருந்து அவருக்கு எட்ட வைக்க முடியாது. படகு இல்லை, ஆள் இல்லை. பூட்டிய கிடங்குகளின் நிழல் மட்டும் தெருவில் நீளமாக விழுந்துகிடந்தது.

"நான் சுத்திக்கிட்டுப் போறேன்" என்று கத்தினாள். "பஸ் பிடிச்சுப் போயிடறேன். போய்ச் சொல்றேன் அண்ணிகிட்ட. நான் சொன்னா நம்புவாங்க."

அது நியாயமான பேச்சு. அவள் பொய் சொல்லாதவள் என்பதற்கு இரண்டு கரையும் சாட்சி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் தெருமுனையை நோக்கி ஓடுவதை அவர் பார்த்தார். அவளுக்கும் வயசாகிவிட்டது, முழங்கால் வலிக்காரி. ஓடினாள்.

வெயில் தாழத்தான் நுனி கோட்டுக்குள் வந்தது. அவர் ஊற்றியதால் வந்ததா, பொழுது சாய்ந்ததால் வந்ததா என்று யார் சொல்ல முடியும்? சாவியைச் சொருகிச் சுற்றினார். பாலம் முனகிக்கொண்டே போய்ப் பொருந்தியது. பூட்டினார். டிரைவர் எழுந்து சோம்பல் முறித்து, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "முடிஞ்சுதாண்ணே?" என்றான். பிறகு அவர் கையைப் பார்த்தான். பீடியைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி வழிவிட்டான்.

ஈர வேட்டியும் வெறும் மேலுமாக ரயில் குடியிருப்புக்குள் ஓடினார். செருப்பு எங்கே போயிற்று என்று தெரியாது. அக்கா வீட்டு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் வந்ததும் பேச்சு நின்றது, வழி விலகியது. அப்படி விலகினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். வாசல்படியைத் தாண்டக் கால் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா மகன் வெளியே வந்தான். அவருடைய கோலத்தைப் பார்த்தான். உள்ளங்கையைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய் அத்தையை அனுப்பினான்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ வர்றப்ப இருந்தாங்களா?" என்று கேட்டார்.

"இருந்தாங்க. நல்ல நினைவோட இருந்தாங்க. என்னை அடையாளம் தெரிஞ்சுது."

"சொன்னியா?"

"சொன்னேங்க. பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். 'அண்ணி, இன்னைக்குப் பாலம் நிஜமாவே வீங்கிடுச்சு, அவர் ஒத்தை ஆளா ஊத்திக்கிட்டு நிக்கறார், நான் என் கண்ணால பாத்தேன்'னு சொன்னேன்."

"அக்கா என்ன சொன்னா?"

அவள் தன் முந்தானையால் அவர் உள்ளங்கையை ஒற்றினாள்.

"சிரிச்சாங்க. என் கன்னத்தைத் தடவிக் குடுத்து, 'அப்பாடி, நீயும் அவனுக்காகப் பொய் சொல்லக் கத்துக்கிட்டியா. இது போதும்டி எனக்கு. இனிமே அவனைப் பத்திக் கவலையில்லை'ன்னாங்க."

சாவிக்காரர் அவள் முகத்தையே பார்த்தார்.

"நீ என்ன சொன்னே?"

"மூச்சு அடங்கிக்கிட்டிருந்துதுங்க. நான் என்ன செய்யறது?" என்றாள். "ஆமாம் அண்ணின்னுட்டேன்."